மேசை பெருத்த கதை: கொரியப் பண்டிகைகளும் குடும்பமும்

2022ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி, சூசொக் எனப்படும் அறுவடைப் பண்டிகைக்கு ஐந்து நாள்கள் இருந்தபோது, தென் கொரியாவில் கன்ஃபூசிய மரபின் தலைமைப் பீடமாக மதிக்கப்படும் சுங்கியுன்குவான் செய்தியாளர்களை அழைத்து ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 1398இல் சியோலில் நிறுவப்பட்டு, ஜோசொன் அரச காலம் முழுவதும் நாட்டின் உயர் கல்விக்கூடமாக விளங்கிய அந்தப் பீடம் அன்று சொன்னதன் சாரம் இதுதான்: முன்னோருக்குப் படைக்கும் மேசையில் எண்ணெயில் பொரித்த பண்டங்கள் இருந்தாக வேண்டியதில்லை, மொத்தம் ஒன்பது வகைகளுக்குள் படையலை முடித்துக்கொள்ளலாம், எந்தப் பழத்தை எந்தப் பக்கம் வைப்பது என்ற கவலையும் தேவையில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சமையல் குறிப்பு அளவுக்குச் சிறிய செய்தியாகத் தெரியலாம். கொரியக் குடும்பங்களில் அது அப்படிக் கேட்கப்படவில்லை. பண்டிகைக்கு முந்தைய நாள் மாமியார் வீட்டுத் தரையில் செய்தித்தாளை விரித்து, மின்சாரத் தட்டையான கல்லை நடுவில் வைத்து, சீமைச் சுரைக்காயின் வட்ட வில்லைகளையும் முள் நீக்கிய மீன் துண்டுகளையும் முதலில் மாவில் புரட்டி, பிறகு அடித்த முட்டையில் தோய்த்து, ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுத் திருப்பிக்கொண்டே காலை முதல் மாலை வரை குந்தியிருக்கும் மருமகள்களுக்கு அந்தச் செய்தியின் பொருள் நன்றாகவே விளங்கியது. ஜொன் என்று பெயர்பெற்ற அந்தப் பண்டத்தின் எண்ணெய் வாடை தலைமுடியிலிருந்து இரண்டு நாள் போகாது என்பார்கள். பண்டிகை முடிந்ததும் வரும் இடுப்புவலி, தலைவலி, மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் சேர்த்து 'பண்டிகை நோய்' என்று கொரிய மொழியில் பெயரே உண்டு.

கொரியப் பண்டிகைகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வண்ண உடைகளையும் அரிசிப் பண்டங்களையும் அடுக்கிக் காட்டிவிட்டு, இவை ஆயிரம் ஆண்டுகளாக மாறாமல் வருபவை என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கொரிய விழாக்களில் மிகவும் பழையதாகவும் அசைக்க முடியாததாகவும் தோன்றும் அந்தப் படையல் மேசையே வரலாற்றில் மிக அதிகமாக மாறிய பகுதி. இன்று அதைச் சுருக்க நினைக்கும் இளைய தலைமுறை, மரபை உடைப்பதைவிட அதன் பழைய வடிவத்துக்கு அருகே போகிறது என்று சொல்வதே பொருந்தும்.

முதலில் அந்தச் சடங்கு என்னவென்று பார்க்கலாம். கொரியர்களிடம் முன்னோர் வழிபாடு பல வகைப்படும். ஒருவர் இறந்த திதியில் இரவு நேரத்தில் வீட்டில் நடப்பது ஒன்று. பல தலைமுறைக்கு முந்தைய முன்னோருக்குக் குலத்தார் கூடி இலையுதிர் காலத்தில் கல்லறையருகே செய்வது மற்றொன்று. சந்திரப் புத்தாண்டான சியோல்லாலிலும் எட்டாம் சந்திர மாத முழுநிலவு நாளான சூசொக்கிலும் காலையில் செய்வது மூன்றாவது. இந்த மூன்றாவதற்குச் சாரியே என்று பெயர். சொல்லுக்கு நேர்ப்பொருள் 'தேநீர்ச் சடங்கு'. ஆனால் இன்று அந்த மேசையில் தேநீரைக் காண்பது அரிது. அரிசி மதுவே ஊற்றப்படுகிறது. தட்டுப் படையலாக இல்லாமல் ஒரு கிண்ணம் தேநீரும் சில பழங்களுமாகத் தொடங்கிய எளிய வணக்கம் இது என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி.

மேசைக்குப் பின்னால் ஓவியத் திரை நிற்கும். அதன்முன் முன்னோரின் பெயர்த் தாள் வைக்கப்படும். வெள்ளைத் தாளில் மேலிருந்து கீழாக எழுதப்படும் அந்த வாசகத்தில், அரசுப் பதவி எதுவும் வகிக்காமல் இறந்த தந்தையை 'ஹாக்செங்' என்று குறிப்பிடுவது வழக்கம். அதன் பொருள் மாணவர். கடை வைத்திருந்தவரும், நிலத்தை உழுதவரும், தொழிற்சாலையில் உழைத்தவரும் இறந்தபின் மாணவர் ஆகிறார்கள். தேர்வு எழுதிப் பதவி பெறுவதே மனித வாழ்வின் உச்சம் என்று கருதிய ஒரு சமூகத்தின் முத்திரை அந்த ஒரு சொல்லில் இன்றும் பதிந்திருக்கிறது. ஊதுவத்தி ஏற்றி, மது வார்த்து, ஆண்கள் தரையில் நெற்றி படும்படி இருமுறை வணங்குவார்கள். மரபுப்படி பெண்களுக்கு நான்கு முறை. உயிரோடு இருப்பவரை ஒருமுறையும் இறந்தவரை இருமுறையும் வணங்குவது என்பது சிறு குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. சடங்கு முடிந்ததும் பெயர்த் தாளை எரித்துவிட்டு, படைத்த உணவை அனைவரும் பகிர்ந்து உண்பார்கள். அந்தப் பகிர்வுக்கு 'நற்பேற்றை அருந்துதல்' என்று பொருள்படும் தனிப்பெயர் இருக்கிறது.

மேசையின் அடுக்குக்குத்தான் விதிகள் குவிந்து கிடக்கின்றன. சிவப்புப் பழம் கிழக்கே, வெள்ளைப் பழம் மேற்கே. மீன் கிழக்கே, இறைச்சி மேற்கே. மீனின் தலை கிழக்கு நோக்கியும் வால் மேற்கு நோக்கியும் இருக்க வேண்டும். பீச் பழம் ஆவிகளை விரட்டும் என்பதால் மேசைக்கு வரக்கூடாது. பூண்டும் மிளகாய்த்தூளும் அப்படியே. இவற்றை நான்கெழுத்துச் சீனச் சொற்றொடர்களாக மனப்பாடம் செய்து, ஒரு பேரிக்காய் இடம் மாறினாலும் பெரியப்பா முகம் சுளிக்கும் வீடுகள் ஏராளம். ஆனால் பழ நிறத்தைப் பற்றிய விதிக்குப் பழைய சடங்கு நூல்களில் ஆதாரமே இல்லை என்று சுங்கியுன்குவானின் குழு தன் அறிவிப்பில் தெளிவாகச் சொன்னது. பொரித்த பண்டத்தைப் பற்றியோ அதைவிடக் கடுமையான சான்றை அது எடுத்து வைத்தது. சடங்கியலில் கொரியாவின் மிகப் பெரிய அறிஞர்களில் ஒருவரும், 1548 முதல் 1631 வரை வாழ்ந்தவருமான கிம் ஜாங்செங், எண்ணெயில் செய்த பண்டத்தைப் படைப்பது முறையன்று என்றே எழுதி வைத்திருக்கிறார்.

மரபுக் குடும்பங்களின் நடைமுறையும் அந்தச் சான்றையே உறுதி செய்கிறது. 1,000 வொன் நோட்டில் படமாக இருக்கும் தத்துவஞானி யி ஹ்வாங், அதாவது தோய்கே, 1570இல் இறப்பதற்குமுன் சொன்ன இறுதி விருப்பங்களில், தேனும் எண்ணெயும் சேர்த்துச் செய்யும் விலையுயர்ந்த பணியாரத்தைத் தன் சடங்கில் வைக்க வேண்டாம் என்பதும் ஒன்று. ஆன்டோங் வட்டாரத்தில் இருக்கும் அவருடைய தலைமைக் குடும்பத்தின் புத்தாண்டுப் படையல் இன்றும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில தட்டுகளோடு முடிந்துவிடுகிறது. நோன்சானில் உள்ள அறிஞர் யுன் ஜுங்கின் குடும்பத்திலும் சிறிய மேசைதான். மரபை யாரிடமிருந்து கற்றுக்கொண்டதாக எல்லோரும் சொல்கிறார்களோ அவர்கள் வீட்டில் மேசை சிறியது. கற்றுக்கொண்டவர்கள் வீட்டில்தான் அது கால் ஒடிய நிற்கிறது.

இது எப்படி நேர்ந்தது என்பதற்கு ஜோசொன் காலச் சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். 1485இல் நடைமுறைக்கு வந்த 'கியோங்குக் தேஜொன்' என்ற சட்டத் தொகுப்பு, யார் எத்தனை தலைமுறைக்குச் சடங்கு செய்யலாம் என்பதையும் வகுத்திருந்தது. ஆறாம் தரத்திலும் அதற்கு மேலும் இருந்த அதிகாரிகள் மூன்று தலைமுறைக்கும், அதற்குக் கீழுள்ள அதிகாரிகள் இரண்டு தலைமுறைக்கும், சாதாரணக் குடிமக்கள் தாய் தந்தையருக்கு மட்டும் செய்யலாம். முன்னோரின் எண்ணிக்கையே ஒருவரின் தகுதிக்கு அளவுகோலாக இருந்தது என்றால், தகுதியை உயர்த்திக்கொள்ள விரும்பியவர் முதலில் எதைப் பெருக்கியிருப்பார் என்பதை ஊகிப்பது கடினமன்று. பிற்கால ஜோசொனில் யாங்பான் எனப்பட்ட உயர்குடித் தகுதியைப் பணம் கொடுத்தும், குலவரலாற்று ஏட்டில் இடம் பிடித்தும் அடைந்தவர்கள் பெருகினார்கள். 1894ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் பிறப்புவழித் தகுதி வேறுபாட்டைச் சட்டத்திலிருந்து அகற்றியபோது கொரியர்கள் உயர்குடி வழக்கத்தைக் கைவிடவில்லை. எல்லோரும் அதை எடுத்துக்கொண்டார்கள். நான்கு தலைமுறைக்குப் படைப்பதும் தட்டுகளை உயர அடுக்குவதும் பொதுவழக்கம் ஆயின. 1969இல் பார்க் சுங்ஹீ அரசு குடும்பச் சடங்குகளுக்கு எளிய விதிகளை வகுத்தது. 1973இல் அவற்றை மீறினால் தண்டனை என்ற நிலைக்குச் சென்று, வழிபாட்டைத் தாத்தா பாட்டி வரையிலான இரண்டு தலைமுறையோடு நிறுத்தச் சொன்னது. சட்டம் தாளில் இருந்தது. மேசை பழையபடியே இருந்தது.

சடங்கின் பெயரால் உயிர்ப்பலியும் நடந்ததுண்டு. 1791இல் ஜின்சான் என்ற ஊரைச் சேர்ந்த யுன் ஜிச்சுங் கத்தோலிக்கத்தைத் தழுவியவர். தாய் இறந்தபோது மரபுச் சடங்கைச் செய்ய மறுத்து, முன்னோர் பெயர்ப்பலகைகளை எரித்ததற்காகத் தலை துண்டிக்கப்பட்டார். 1939இல் வாடிகன் தன் தடையைத் தளர்த்தி முன்னோர் வணக்கத்துக்கு இடம் கொடுத்தது. 2014 ஆகஸ்டில் சியோலின் குவாங்வாமுன் சதுக்கத்தில் போப் பிரான்சிஸ் யுன் ஜிச்சுங்குக்கும் அவரோடு 123 பேருக்கும் அருளாளர் பட்டம் வழங்கினார். இன்றைய கொரியக் கத்தோலிக்கர் பலர் மேசை வைத்தே வணங்குகிறார்கள். புரோட்டஸ்டன்ட் குடும்பங்கள் பெரும்பாலும் மேசைக்குப் பதிலாக நினைவு வழிபாடு நடத்துகின்றன. ஒரே வீட்டில் மூத்தவர் வணங்க, இளையவர் கண்மூடிச் செபிக்க, இருவரும் பிறகு ஒரே சட்டியில் உண்பதும் சாதாரணம்.

புத்தாண்டுக் காலையில் படையல் முடிந்தபின் நடப்பதுதான் குழந்தைகளுக்கு முக்கியம். பெரியவர்கள் வரிசையாக அமர, இளையவர்கள் ஒரு கையின்மேல் மற்றொரு கையை வைத்து மண்டியிட்டு வணங்குவார்கள். ஆண் குழந்தைக்கு இடக்கை மேலே, பெண் குழந்தைக்கு வலக்கை மேலே. துக்க வீட்டில் இது தலைகீழாகும் என்பதால் கை மாறினால் பாட்டி பதறிப்போவார். "புத்தாண்டில் நிறைய நற்பேறு பெறுங்கள்" என்று அவர்கள் சொல்ல, பெரியவர் வாழ்த்துரை கூறி உறையில் புதுநோட்டு தருவார். பெரிய பிள்ளைகளுக்கு அது 50,000 வொன் நோட்டாக இருக்கலாம். 2009இல் வெளிவந்த அந்த மஞ்சள் நோட்டில் இருப்பவர் 16ஆம் நூற்றாண்டு ஓவியர் ஷின் சாயிம்டாங். அவருடைய மகன் யுல்கோக் 5,000 வொன் நோட்டில் இருக்கிறார். தாயும் மகனும் ஒரு நாட்டின் பணத்தாள்களில் இருப்பது பெருமைதான். அந்தத் தாய் வாழ்ந்த விதம் அந்தப் பெருமைக்குள் மறைந்துபோனதுதான் எனக்கு வருத்தம்.

சாயிம்டாங் திருமணத்துக்குப் பிறகும் நெடுங்காலம் காங்னுங்கில் உள்ள தன் பிறந்த வீட்டில் வாழ்ந்தவர். 1536இல் யுல்கோக் பிறந்ததும் அந்த வீட்டில்தான். அது தாய் தன் தாயிடமிருந்து அறிந்த வீடு. புகுந்த வீடு அல்ல. சாயிம்டாங்கின் தாய்க்கு ஐந்து மகள்கள், மகன் இல்லை. அந்த அம்மையார் தன் சொத்தை மகள்களுக்குப் பிரித்துக் கொடுத்தபோது, முன்னோர் சடங்கை நடத்தும் பொறுப்போடு சியோலில் இருந்த ஒரு வீட்டை மகள்வழிப் பேரன் யுல்கோக்குக்கும், கல்லறையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்போடு காங்னுங் வீட்டை இன்னொரு மகள்வழிப் பேரனுக்கும் எழுதிவைத்தார். அந்த ஆவணம் இன்றும் இருக்கிறது. 1566இல் யுல்கோக்கும் உடன்பிறந்தோரும் பெற்றோர் சொத்தைப் பங்கிட்டுக்கொண்ட ஆவணமும் இருக்கிறது. அதில் ஆண் பெண் வேறுபாடின்றிப் பங்கு பிரிந்தது. அக்காலத்தில் சடங்கை மகன்களும் மகள்களும் முறைவைத்து மாற்றி மாற்றிச் செய்வதும் வழக்கமாக இருந்தது.

சுமார் ஒரு நூற்றாண்டில் இது திசை திரும்பியது. புவான் வட்டாரத்துக் கிம் குடும்பம் ஒன்று 1669இல் எழுதிய ஆவணம், மணமாகிச் சென்ற மகள்கள் இனிச் சடங்கு செய்ய வேண்டாம் என்றும், அவர்களுக்கு மகன்களின் பங்கில் மூன்றில் ஒன்றே போதும் என்றும் தீர்மானிக்கிறது. பிரித்துப் பிரித்துத் துண்டாகிப்போன நிலத்தைக் காப்பாற்றும் கவலையும், சீன அறிஞர் ஷு ஷியின் சடங்கு நூலை எழுத்துக்கு எழுத்து பின்பற்றும் ஆர்வமும் இங்கே கைகோத்தன. மூத்த மகனே சடங்குக்கு உரியவன், அவன் மனைவியே அடுப்படிக்கு உரியவள் என்ற ஏற்பாடு இப்படித்தான் வேரூன்றியது. ஆயிரமாண்டு மரபு என்று சொல்லப்படுவதன் வயது சுமார் முந்நூற்றைம்பது.

இந்த ஏற்பாட்டின் தடம் மொழியிலும் இருக்கிறது. கணவனின் குடும்பத்தைக் குறிக்கும் 'ஷிதேக்' என்ற சொல்லில் மரியாதை விகுதி உண்டு. மனைவியின் குடும்பத்தைக் குறிக்கும் 'சொகா' என்ற சொல்லில் அது இல்லை. கணவனின் மணமாகாத தம்பியைச் சின்ன எஜமானரை அழைப்பதுபோல் 'தோரியொன்னிம்' என்று மருமகள் அழைக்க வேண்டும். மனைவியின் தம்பிக்கு அப்படி ஒரு சிறப்பும் கிடையாது. பண்டிகைக் காலையில் கணவன் வீட்டுச் சடங்கை முடித்துப் பாத்திரம் கழுவிய பிறகுதான் பிறந்த வீட்டுக்குக் கிளம்ப முடியும். எப்போது கிளம்பலாம் என்று யார் முதலில் வாய் திறப்பது என்பதில் எத்தனையோ திருமணங்கள் ஆட்டம் கண்டிருக்கின்றன.

சட்டம் மெதுவாக மாறிவந்திருக்கிறது. ஆண் ஒருவரைக் குடும்பத் தலைவராகப் பதிவு செய்யும் முறை அரசமைப்புக்குப் பொருந்தாது என்று அரசமைப்பு நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. 2008 தொடக்கத்தில் அம்முறை ஒழிந்தது. அதே 2005இல் உச்ச நீதிமன்றம், குலச் சங்கங்களில் பெண்களுக்கும் உறுப்பினர் உரிமை உண்டு என்றது. வாரிசுகளுக்குள் உடன்பாடு ஏற்படாவிட்டால் மூத்த மகனே சடங்குக்குப் பொறுப்பாளர் என்று 2008இல் சொன்ன உச்ச நீதிமன்றமே, 2023 மே 11 அன்று அதை மாற்றி, ஆணாயினும் பெண்ணாயினும் நேர்வழி வாரிசுகளில் மூத்தவருக்கே முன்னுரிமை என்று தீர்ப்பளித்தது. சாயிம்டாங்கின் தாய்க்கு இந்தத் தீர்ப்பில் புதுமை எதுவும் தெரிந்திருக்காது.

அரசு விரும்பியபடியெல்லாம் மக்கள் பண்டிகை கொண்டாடியதில்லை என்பதற்கு சியோல்லாலின் வரலாறே சான்று. 1896இல் கொரியா கிரிகோரியன் நாள்காட்டிக்கு மாறியது. 1910 முதல் 1945 வரை ஆண்ட ஜப்பானிய அரசு, ஜனவரி முதல் நாளைப் புத்தாண்டாக்கி, சந்திரப் புத்தாண்டைப் 'பழைய ஆண்டுத் தொடக்கம்' என்று ஒதுக்கியது. பண்டிகைக்கு அரிசிப் பண்டம் செய்ய முடியாதபடி அரைவை ஆலைகளை மூட வைத்ததும் உண்டு. விடுதலைக்குப் பின் வந்த கொரிய அரசுகளும், இரண்டு புத்தாண்டு கொண்டாடுவது வீண்செலவு என்று சொல்லி அதே கொள்கையைத் தொடர்ந்தன. பல பத்தாண்டுகளாகச் சந்திரப் புத்தாண்டு வேலை நாளாகவே இருந்தது. மக்களோ விடுப்பெடுத்தும் பொய்க்காரணம் சொல்லியும் ஊருக்குப் போனார்கள். 1985இல் அதற்கு ஒருநாள் விடுமுறை அளித்த அரசு, அப்போதும் பழைய பெயரைச் சொல்ல மனமின்றி 'நாட்டுப்புற நாள்' என்று அழைத்தது. 1989இல்தான் சியோல்லால் என்ற பெயரும் மூன்று நாள் விடுமுறையும் திரும்பின. சூசொக்குக்கும் அவ்வாண்டிலேயே மூன்று நாள் கிடைத்தது.

புத்தாண்டுக் காலை உணவு தொக்குக். வெள்ளை அரிசி மாவை நீண்ட உருளையாகத் திரித்து, உலர்த்தி, சாய்வாகச் சீவிய வில்லைகளைத் தெளிந்த இறைச்சி ரசத்தில் கொதிக்கவிட்டது. வடபகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்கள் அதில் கொழுக்கட்டை போன்ற மாந்துவையும் சேர்ப்பார்கள். ஒரு கிண்ணம் உண்டால் ஒரு வயது கூடும் என்பது நம்பிக்கை மட்டுமன்று, கணக்கும்கூட. பிறந்த அன்றே ஒரு வயது, பிறகு ஒவ்வொரு புத்தாண்டிலும் ஒன்று என்று கொரியர்கள் எண்ணிவந்தார்கள். ஆண்டுக் கடைசி நாளில் பிறந்த குழந்தைக்கு மறுநாளே இரண்டு வயது. 2023 ஜூன் 28 முதல் நிர்வாகத்திலும் சட்டத்திலும் பிறந்தநாள்படி எண்ணும் வயதே பொதுவிதி என்றாகிவிட்டது. ஆனாலும் "எத்தனை கிண்ணம் தொக்குக் சாப்பிட்டிருக்கிறாய்?" என்று வயதைக் கேட்கும் பழக்கம் போய்விடவில்லை.

புத்தாண்டு இரவைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த நம்பிக்கை ஒன்றுண்டு. யாக்குவாங்க்வி என்ற பேய் அன்றிரவு வீடு வீடாக வந்து, வாசலில் கிடக்கும் செருப்புகளைப் போட்டுப் பார்த்து, தன் காலுக்குப் பொருந்தியதை எடுத்துக்கொண்டு போய்விடும். செருப்பை இழந்தவருக்கு ஆண்டு முழுவதும் தீயபலன். அதனால் செருப்புகளை உள்ளே ஒளித்துவைத்து, சுவரில் ஒரு சல்லடையைத் தொங்கவிடுவார்கள். பேய்க்குச் சல்லடைக் கண்ணை எண்ணாமல் இருக்க முடியாது. எண்ணும், பாதியில் கணக்குத் தப்பும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதற்குள் சேவல் கூவிவிடும். உறங்கினால் புருவம் நரைத்துவிடும் என்று ஆண்டின் கடைசி இரவில் குழந்தைகளை விழித்திருக்கச் சொல்லி, உறங்கிவிட்டவர்களின் புருவத்தில் மாவைத் தடவிவைப்பதும் உண்டு. பகலில் யுட் விளையாட்டு. ஒருபுறம் தட்டையும் மறுபுறம் வளைவுமான நான்கு மரக்குச்சிகளை எறிந்து, விழுந்த விதத்துக்கேற்ப 29 புள்ளிகள் உள்ள பலகையில் காய் நகர்த்துவார்கள். நம் தாயம் ஆடியவருக்கு ஒரு நிமிடத்தில் பிடிபட்டுவிடும். பன்றி, நாய், ஆடு, மாடு, குதிரை என்று குச்சிகள் விழும் ஐந்து விதத்துக்கும் விலங்குப் பெயர் சொல்வார்கள்; குதிரை விழுந்தால் ஐந்து இடம்.

சூசொக்கின் பழைமை எழுத்திலேயே இருக்கிறது. 1145இல் தொகுக்கப்பட்ட 'சாம்குக் சாகி' என்ற வரலாற்று நூலின்படி, சில்லா நாட்டின் யூரி மன்னர் கி.பி. 32இல் தலைநகரப் பெண்களை இரு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஓர் இளவரசியைத் தலைவியாக்கி, ஒரு மாதம் நெசவுப் போட்டி நடத்தினார். எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள் தோற்ற அணி உணவும் மதுவும் சமைத்து விருந்து வைத்தது. முன்னோர் படையல் அந்தக் கதையில் இல்லை. பெண்களின் உழைப்பு இருக்கிறது, அதற்கான கொண்டாட்டமும் அவர்களுடையதாகவே இருக்கிறது. தென்மேற்குக் கடலோரத்தில் பெண்கள் கைகோத்து நிலவொளியில் வட்டமாகச் சுற்றும் காங்காங்சுல்லே ஆட்டத்தில் அந்த உணர்வு இன்னும் மீந்திருப்பதாக நினைக்கிறேன். அதை 2009இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

அன்றைய பண்டம் சோங்பியோன். புத்தரிசி மாவில் எள், பயறு, பாசிப்பருப்பு அல்லது கஷ்கொட்டையைப் பூரணமாக வைத்து மடித்து, பைன் இலைகளைப் பரப்பிய தட்டில் ஆவியில் வேகவைப்பது. வெந்தபின் பைன் மணமும், அடியில் ஊசி ஊசியான இலைத் தடமும் இருக்கும். முழுநிலவு நாளின் பண்டம் ஏன் அரைநிலவாக இருக்கிறது என்ற கேள்விக்கு ஒரு கதை சொல்வார்கள். பெக்ஜே நாட்டின் கடைசி மன்னர் காலத்தில் மண்ணிலிருந்து எடுத்த ஆமை ஓட்டில், பெக்ஜே முழுநிலவு, சில்லா வளர்பிறை என்று எழுதியிருந்ததாம். முழுநிலவுக்கு இனித் தேய்வுதான் என்று உண்மையைச் சொன்ன குறிசொல்லி கொல்லப்பட்டார். 660இல் பெக்ஜே வீழ்ந்தது. அதனால் இனி வளரப்போகும் பிறையின் வடிவமே நற்குறி ஆனதாம்.

பண்டிகைக்குச் சில வாரங்களுக்கு முன்பே கல்லறை மேட்டில் வளர்ந்த புல்லை வெட்டச் செல்ல வேண்டும். பொல்ச்சோ என்ற அந்த வேலையைச் செய்யாமல் விட்ட மேட்டைப் பார்த்தால், அந்தக் குடும்பத்தில் பிள்ளைகள் இல்லையோ என்று ஊர் கேட்கும். குளவி கொட்டி மருத்துவமனைக்குப் போவோர் பற்றிய செய்தி ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. நகரத்துப் பிள்ளைகள் இப்போது கூலி கொடுத்து ஆள்வைத்து வெட்டி, வெட்டியபின் எடுத்த படத்தைக் கைப்பேசியில் பெற்றுக்கொள்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டாத தகனம் இன்று 90 விழுக்காட்டைத் தாண்டிவிட்டதால், புல் வெட்ட வேண்டிய மேடுகளே இனிக் குறையும்.

ஆண்டுப் பண்டிகைகளுக்கு வெளியே குடும்பத்தின் பெரிய கொண்டாட்டங்கள் உயிர் பிழைத்ததற்கான நன்றியாகவே தொடங்கியவை. குழந்தைகள் கைக்குழந்தையாகவே இறந்துபோன காலத்தில் நூறு நாள் தாண்டுவதே பெரும்பேறு. நூறாம் நாளில் வெள்ளை அரிசிப் பண்டத்தை நூறு வீடுகளுக்குப் பகிர்ந்தால் குழந்தை நீடு வாழும் என்பார்கள். வாங்கிய வீட்டார் தட்டை வெறுமையாகத் திருப்பித் தராமல் நூலோ அரிசியோ வைத்துத் தருவார்கள். முதலாண்டு நிறைவான டோல் அன்று குழந்தையின்முன் நூல், புத்தகம், தூரிகை, அரிசி, பணம் ஆகியவற்றைப் பரப்பி, எதை எடுக்கிறது என்று பார்ப்பார்கள். நூலை எடுத்தால் நீண்ட ஆயுள், தூரிகையை எடுத்தால் கல்வி. இப்போது மருத்துவரின் இதயத்துடிப்புமானியும் நீதிபதியின் சுத்தியலும் ஒலிவாங்கியும் சேர்ந்துவிட்டன. பெற்றோர் விரும்பும் பொருள் கைக்கெட்டும் தூரத்துக்கு மெல்ல நகர்ந்துவருவதையும் காணலாம். விருந்தினர் தருவது ஒரு தோன், அதாவது 3.75 கிராம் எடையுள்ள தங்க மோதிரம். பிறந்தநாள்தோறும் கடற்பாசிச் சாறு உண்பது பெற்ற தாயை நினைப்பதற்காக. பிள்ளைப்பேறு முடிந்த தாய் முதலில் உண்பது அதுவே. தேர்வு நாளில் மட்டும் வழுக்கிவிடும் என்று அதைத் தொடமாட்டார்கள். அறுபது ஆண்டுச் சுழற்சி முடிந்து பிறந்த ஆண்டின் பெயரே திரும்பும் அறுபதாம் நிறைவு, நம்மைப்போல் அவர்களுக்கும் பெருவிழாவாக இருந்தது. ஆயுள் நீண்டபின் அது எழுபதுக்குத் தள்ளிப்போய்விட்டது. ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைகளின் சராசரி 2023இல் 0.72 ஆகக் குறைந்த நாட்டில், டோல் விருந்தில் குழந்தை ஒன்றும் அதைச் சுற்றித் தாத்தா பாட்டிகள் நால்வருமாகப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

மேசை சுருங்குகிறது, கல்லறை மேடு குறைகிறது, மூத்த மகனின் தனியுரிமை போய்விட்டது. பண்டிகைக் காலத்தில் நெடுஞ்சாலைகள் அடைத்துக்கொள்வது மட்டும் குறையவில்லை. 2021 சியோல்லாலில் பெருந்தொற்று காரணமாக, ஒரே வீட்டில் வசிக்காத குடும்பத்தார் ஐந்து பேர்கூட ஒன்றுசேரக் கூடாது என்று தடை இருந்தது. சடங்கின்றி ஒரு பண்டிகை கழிந்தும் வானம் இடிந்து விழவில்லை என்பதைப் பலர் அன்று கண்டுகொண்டார்கள். இப்போது ஊருக்குச் செல்லாமல் விமான நிலையத்துக்குச் செல்லும் கூட்டமும் பெரிது. ஆனால் மேசையைக் கைவிட்டவர்களும் பெற்றோரைக் காணும் பயணத்தைக் கைவிடுவதில்லை; பெற்றோரே சியோலுக்கு எதிர்த்திசையில் வருவதும் பெருகியிருக்கிறது.

போய்ச் சேர முடியாதவர்களும் இருக்கிறார்கள். வட கொரியாவுடனான எல்லைக் கோட்டுக்கு அருகே பாஜு நகரில் இம்ஜின்காக் என்ற இடத்தில், வடபகுதியில் பிறந்தவர்கள் வணங்குவதற்காக 1985இல் மாங்பேதான் என்ற பலிபீடம் கட்டப்பட்டது. பிரிந்த உறவைக் காண 1988 முதல் பதிவு செய்த சுமார் 1,34,000 பேரில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் இறந்துவிட்டார்கள். இரு நாடுகளும் சேர்ந்து நடத்திய கடைசிச் சந்திப்பு 2018 ஆகஸ்டில் நடந்தது. சியோல்லாலிலும் சூசொக்கிலும் எஞ்சியவர்கள் அங்கே வருகிறார்கள். பெரிய மேசை எதுவும் கொண்டுவருவதில்லை. துணி விரித்து, சில பழங்களும் உலர்ந்த மீனும் ஒரு குப்பி மதுவும் வைத்து, கிழக்கு மேற்கு பாராமல் வடக்கு நோக்கி இருமுறை வணங்குகிறார்கள். தாய் தந்தையர் எந்தத் திதியில் இறந்தார்கள் என்று அறியாதவர்களுக்கு ஆண்டில் இந்த இரண்டு காலைகள்தாம் சடங்கு. இம்ஜின் ஆற்றுக்கு அப்பால் அவர்களின் கல்லறை மேடுகளில் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் புல் வளர்ந்துகொண்டிருக்கிறது.